கமென்ட் ஒரு பக்கம், ட்ராவர்சல் ஒரு பக்கம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரஸ்ட் மொழியின் கம்பைலரைப் போல வடிவமைத்த ஒரு கம்பைலரில், டைப்புகளுக்குள் இறங்கிப் பார்க்கும் பகுதியை (இதைத்தான் ட்ராவர்சல் என்பார்கள்) ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு விசிட்டருக்கு, அதாவது டைப்புகளைச் சுற்றிப் பார்த்துவரும் கோடுக்கு, மேல் "டைப்புக்குள் இருக்கும் எல்லா டைப்பையும் பார்க்கும்" என்று கமென்ட். ஓட்டிப் பார்த்தால் ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் டைப்) ஃபீல்டு பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட ஒரே பெயர் கொண்ட இரண்டு ஃபங்ஷன்களுக்கு ஒரே கமென்டைக் காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் "ட்ரூ வந்தால் நின்றுவிடும்" என்று இருக்கிறது, ஆனால் அந்த ஃபங்ஷன் இப்போது பூலியனே (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) தருவதில்லை. இந்த மூன்றையும் திருத்தி பேட்ச் அனுப்பலாமா, வெறும் கமென்டுக்கு ஒரு பேட்சா என்று முகம் சுளிப்பார்களா, அனுப்பினால் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி.

அனுப்புங்கள், தயங்கவே வேண்டாம். வேறு இடத்தில் என்றால் கமென்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோட் படித்தால் விஷயம் புரிந்துவிடும். ட்ராவர்சலில் அப்படி இல்லை. ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் படித்தால் இரண்டே வரிதான் இருக்கும், அது இன்னொன்றைக் கூப்பிடும், அது மூன்றாவதைக் கூப்பிடும், அது சுற்றி முதலாவதற்கே வரும். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எங்கே நிற்கிறது, எதற்குள் போகாது என்பது எந்த ஒரு ஃபங்ஷனிலும் முழுசாக எழுதியிருக்காது, கமென்டில்தான் இருந்தாக வேண்டும். அதுவே தப்பு என்றால் புதிதாக வருகிறவர் அதை நம்பி இன்னொரு விசிட்டர் எழுதுவார், டெஸ்டும் பாஸ் ஆகும், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவருடைய கோடில் வெடிக்கும்.

உங்கள் இரண்டாவது புகாரை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் சரக்கு அதிகம். ரஸ்ட் கம்பைலரில் டைப்பை மாற்றி எழுதும் வேலைக்கு ஃபோல்டர், சும்மா பார்த்துவிட்டு வர விசிட்டர். ஃபோல்டர் பக்கம் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ஃபோல்ட்_வித், ஃபோல்ட்_டை, சூப்பர்_ஃபோல்ட்_வித். ஒரு டைப்பின் மேல் ஃபோல்ட்_வித் கூப்பிட்டால் அது தானாக எதையும் பிரித்துப் பார்க்காது, ஃபோல்டரின் ஃபோல்ட்_டை கையில் அந்த டைப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஃபோல்டரை எழுதியவர் ஃபோல்ட்_டை-யைத் தன் இஷ்டத்துக்கு எழுதாமல் விட்டிருந்தால், அது நேராக சூப்பர்_ஃபோல்ட்_வித்தைக் கூப்பிடும். இந்தக் கடைசி ஆள்தான் உண்மையில் ஒரு படி உள்ளே இறங்குகிறவர். ரெஃபரன்ஸ் டைப் என்றால் அதன் லைஃப்டைமையும் (எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்பது) அது சுட்டும் டைப்பையும், டியூப்பிள் என்றால் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் மறுபடி ஃபோல்ட்_வித் கூப்பிடுவார். உள்ளே எதுவும் இல்லாத ஐ32, பூல் மாதிரியானவை என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் சுற்று.

இப்போது ஃபோல்ட்_வித், சூப்பர்_ஃபோல்ட்_வித் இரண்டின் தலையிலும் "டைப்பை ரிகர்சிவாக ஃபோல்ட் செய்யும்" (அடுக்கடுக்காக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்) என்று எழுதினால், பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் கடைசியில் ரிகர்சிவாகத்தான் போகின்றன, அதனால்தான் ரிவ்யூ பண்ணுகிறவர் கண்ணிலிருந்தும் தப்பிவிடுகிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் ஃபோல்ட்_டை-க்குள் உட்கார்ந்து, கையில் இருக்கும் அதே டைப்பின் மேல் சூப்பருக்குப் பதிலாக ஃபோல்ட்_வித் கூப்பிட்டார் என்று வையுங்கள். அது மறுபடி அதே ஃபோல்ட்_டை-க்கு வரும், அது மறுபடி ஃபோல்ட்_வித்துக்குப் போகும், ஸ்டாக் நிரம்பிக் கம்பைலர் விழும். இதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இன்னொருவர், ரிகர்ஷனைத்தான் ஃபோல்ட்_வித் பார்த்துக்கொள்கிறதே என்று நினைத்து, தன் ஃபோல்ட்_டை-யில் டி என்ற பாராமீட்டர் (பிறகு எந்த டைப்பும் வந்து உட்காரும் காலியிடம்) வந்தால் மாற்றுவார், மற்ற எதுவானாலும் அப்படியே திருப்பிவிடுவார், சூப்பர் பக்கமே போகமாட்டார். வெறும் டி-யை வைத்து டெஸ்ட் எழுதினால் பாஸ். வெக்குக்குள் ஆப்ஷன், ஆப்ஷனுக்குள் டி என்று வந்தால் வெளியே இருக்கும் வெக்கோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் டி அப்படியே கிடக்கும். இது சத்தமே போடாது.

அதனால் அந்த இரண்டு கமென்டிலும் "என்ன செய்யும்" என்பதைவிட "யார் கூப்பிட வேண்டும்" என்பதை முதலில் வையுங்கள். ஃபோல்ட்_வித் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான வாசல். சூப்பர்_ஃபோல்ட்_வித் ஃபோல்டருக்கு உள்ளே இருந்துகொண்டு, இதற்குக் கீழே வழக்கம்போல இறங்கு என்று சொல்வதற்கு மட்டும். ரஸ்டில் 2022இல் சூப்பர் வகை ஃபங்ஷன்களைத் தனி ட்ரெய்ட்டாகவே (ஒரு டைப் தர வேண்டிய ஃபங்ஷன்களின் தொகுப்பு) பிரித்துவிட்டார்கள், அதே ஆண்டில் விசிட் செய்யும் ட்ரெய்ட்டையும் ஃபோல்ட் செய்வதிலிருந்து பிரித்தார்கள். அதற்கு முன் எல்லாம் ஒரே ட்ரெய்ட்டில் இருந்த காலத்து வடிவத்தை நகல் எடுத்து வளர்ந்த கோட் என்றால், கமென்டுகளும் அந்தக் காலத்து நினைவிலேயே இருக்கும். உங்களுடையது அந்த வகைதான் என்று தோன்றுகிறது.

அடுத்து "எல்லா டைப்பையும் பார்க்கும்". கம்பைலர் கமென்டுகளில் என் முதல் எதிரி இந்த "எல்லா" என்ற சொல்தான், பார்த்தவுடனே சந்தேகப்படுங்கள். ஒரு லிங்க்டு லிஸ்டின் ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு ஃபீல்டில் எண், இன்னொரு ஃபீல்டில் ஆப்ஷனுக்குள் பாக்ஸ், பாக்ஸுக்குள் அதே ஸ்ட்ரக்ட். ட்ராவர்சல் ஃபீல்டுக்குள்ளும் இறங்கும் என்றால் இந்த டைப்பில் அது வெளியே வரவே வராது. அதனால் ஸ்ட்ரக்ட், ஈனம் (enum, பல வகைகளில் ஏதாவது ஒன்றாக இருக்கும் டைப்) என்று வரும்போது பெயரையும் அதற்குக் கொடுத்த ஜெனரிக் ஆர்குமென்டுகளையும் (டி மாதிரியான இடங்களில் நிரப்பிய டைப்புகள்) மட்டும் பார்ப்பார்கள், டெஃபனிஷனைத் திறக்கமாட்டார்கள். ஃபூ, பார் என்று இரண்டு ஸ்ட்ரக்ட் என்று வையுங்கள், ஃபூவுக்குள் பார், பாருக்குள் ஐசைஸ் என்ற எண் டைப் என்றால் பார்ப்பது மூன்றே டைப்: முழு ஃபூ, உள்ளே இருக்கும் பார், அதற்குள் இருக்கும் ஐசைஸ். ஃபூவின் ஃபீல்டில் ஸ்ட்ரிங் இருந்தாலும் கண்ணில் படாது. ரஸ்ட் கம்பைலரில் டைப்பை நடந்து பார்க்கும் இட்டரேட்டரின் (ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கோட்) கமென்ட் இதை நேரடியாகவே சொல்கிறது: டைப்பில் எழுதியிருக்கும் டைப்புகளை மட்டும்தான் நடக்கும், ஸ்ட்ரக்ட் ஃபீல்டுகளுக்குள் இறங்காது என்று எழுதி, இதே மாதிரி இரண்டு மூன்று உதாரணமும் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அதைவிட நல்ல கமென்ட் எழுத முடியாது, "போகாது" என்ற ஒரு வினைதான் அதில் முழு வேலையையும் செய்கிறது.

இதே "எல்லா" இன்னொரு இடத்திலும் காலை வாரும். டி என்பதன் இட்டரேட்டர் ஐட்டம் என்கிற மாதிரி அசோசியேட்டட் டைப் (இன்னொரு டைப்பைப் பொறுத்து என்ன என்று முடிவாகும் டைப்) வந்தால், ட்ராவர்சலுக்கு அது வெறும் ஒரு பெயரும் அதன் ஆர்குமென்டுகளும்தான். டி-யின் இடத்தில் பைட் ஸ்லைஸின் இட்டரேட்டரைப் போட்டால் ஐட்டம் என்பது உண்மையில் ஒரு ரெஃபரன்ஸ், ஆனால் நார்மலைஸ் செய்யும்வரை, அதாவது அந்தப் பெயருக்குப் பதில் உண்மையான டைப்பை வைக்கும்வரை, விசிட்டர் கண்ணுக்கு அந்த ரெஃபரன்ஸ் தெரியாது. "டைப்பில் ரெஃபரன்ஸ் இருக்கிறதா என்று சொல்லும்" என்று கமென்ட் எழுதியிருந்தால், "நார்மலைஸ் செய்த டைப்பைக் கொடுத்தால்" என்று நான்கு சொல் சேருங்கள். அந்த நான்கு சொல் இல்லாததால் ஒருவர் மூன்று நாள் தேடினார். நான்தான் அவர்.

பூலியன் விஷயம். இது சின்னத் திருத்தம்தான், ஆனால் ஏன் இவ்வளவு குழப்பம் என்று தெரிந்துகொண்டால் எழுதும்போது கவனமாக இருப்பீர்கள். ரஸ்ட் கம்பைலரின் விசிட்டர்கள் ஒரு காலத்தில் பூலியன் திருப்பின, ட்ரூ என்றால் "கிடைத்துவிட்டது, நிறுத்து". சி, சி++ கம்பைலரான கிளாங்கின் ரிகர்சிவ் ஏஎஸ்டி விசிட்டரில் (ஏஎஸ்டி என்பது கோடின் மர வடிவம்) நேர் எதிர், அங்கே ஃபால்ஸ் திருப்பினால்தான் நிற்கும், அதுவும் மொத்த ட்ராவர்சலே நின்றுவிடும். கோ மொழியில் ஏஎஸ்டி இன்ஸ்பெக்ட் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷன் ஃபால்ஸ் திருப்பினால் அந்த நோடின் பிள்ளைகளுக்குள் மட்டும் போகாது, பக்கத்து நோடுக்குத் தாராளமாகப் போகும். ஆக ஒரே பூலியனுக்கு மூன்று ஊரில் மூன்று அர்த்தம், ஒரு இடத்தில் வேலை பார்த்துவிட்டு இன்னொரு இடத்துக்கு வருகிறவர் பழைய அர்த்தத்தைத்தான் கையோடு கொண்டுவருவார். ரஸ்டில் 2020 கடைசியில் பூலியனை எடுத்துவிட்டு கன்ட்ரோல்ஃப்ளோ என்ற ஈனத்தைக் கொண்டுவந்தார்கள், பிரேக் அல்லது கன்டின்யூ, வாசித்தாலே புரியும். கோட் மாறும்போது கம்பைலரே எல்லா இடத்தையும் திருத்த வைத்துவிடும், கமென்டைத் திருத்த யாரும் வற்புறுத்தமாட்டார்கள். "ட்ரூ வந்தால் நிற்கும்" என்ற வரி இப்படித்தான் மிஞ்சியிருக்கும். எங்காவது பூலியன் இன்னும் இருந்தால், "தொடரலாமா என்பதைத் திருப்பும்" என்று எழுதிவிட்டு விடாதீர்கள், எதைத் தொடர்வது, பிள்ளைகளையா மொத்தத்தையா என்றும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அதே கோப்பில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்: "இது போஸ்ட் ஆர்டர் ட்ராவர்சல்" அல்லது "ப்ரீ ஆர்டர்" என்று எங்காவது எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன சுற்றைப் பார்த்தால் தெரியும், வரிசையைத் தீர்மானிப்பது ட்ரெய்ட் இல்லை, ஃபோல்ட்_டை எழுதுகிறவர். சூப்பரை முதலில் கூப்பிட்டுவிட்டுப் பிறகு தன் வேலையைச் செய்தால் கீழிருந்து மேல் (போஸ்ட் ஆர்டர்), தன் வேலையை முடித்துவிட்டு சூப்பரைக் கூப்பிட்டால் மேலிருந்து கீழ் (ப்ரீ ஆர்டர்). இது சும்மா பெயர் விவகாரம் இல்லை. டி வரும் இடத்தில் எல்லாம் வெக்குக்குள் டி என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். கீழிருந்து வந்தால் டி-யைப் பார்க்கிறோம், வெக் போர்த்துகிறோம், முடிந்தது. மேலிருந்து மாற்றிவிட்டு, மாற்றியதற்குள் மறுபடி இறங்கினால் அங்கே புதிதாக ஒரு டி உட்கார்ந்திருக்கும், அதற்கும் வெக், அதற்குள்ளும் ஒரு டி, விடிய விடிய வெக் போர்த்திக்கொண்டிருக்கும். ஆகவே வரிசை பற்றிய கமென்ட் ட்ரெய்ட்டில் இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள், அந்தந்த ஃபோல்டரின் மேல் போடுங்கள், அதுவும் வரிசை முக்கியமாக இருக்கும் இடத்தில் மட்டும்.

"ஒவ்வொரு டைப்பும் ஒரு முறைதான் பார்க்கப்படும்" என்று இருந்தால் அதையும் சோதியுங்கள். டைப்புகளை இன்டர்ன் செய்து வைத்திருப்பார்கள், ஒரே டைப் மெமரியில் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பது சரி. ஆனால் ட்ராவர்சல் மெமரியைச் சுற்றவில்லை, ட்ரீயைச் சுற்றுகிறது. ஒரு டைப்பை ஜோடியாக்கி, அந்த ஜோடியை மறுபடி ஜோடியாக்கி, இப்படி 30 தடவை செய்தால் மெமரியில் 31 டைப்தான் இருக்கும், பார்த்ததை நினைவில் வைக்கும் கேஷ் இல்லாத ட்ராவர்சல் போய்ப் பார்ப்பதோ சுமார் 215 கோடி நோடு. இடையில் ஃப்ளாக் (டைப்போடு சேர்த்து வைத்த சிறு குறிப்பு) பார்த்துத் திரும்பிவிடும் வழியும் உண்டு, "இந்த டைப்புக்குள் இன்ஃபெரன்ஸ் வேரியபிளே (என்ன டைப் என்று இன்னும் முடிவாகாத இடம்) இல்லை" என்று ஃப்ளாக் சொன்னால் உள்ளே இறங்காமலே திருப்பிவிடுவார்கள். அதனால் சில டைப்புகள் பல தடவை, சில டைப்புகள் ஒரு தடவைகூட இல்லை. ஃபோல்டருக்குள் கவுன்ட்டர் வைத்து எண்ணலாம் என்று நினைக்கிறவருக்கு இதைக் கமென்ட் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கமென்டும் கோடும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு எப்போதும் கமென்ட் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் முன்பு ஒரு ப்ராஜெக்டில் இந்த மாதிரி ஒரு கமென்ட் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பைண்டருக்குள், அதாவது "எந்த லைஃப்டைமுக்கும்" என்று தொடங்கும் ஃபங்ஷன் டைப் மாதிரியானவற்றுக்குள் நுழையும்போது ஆழத்தை ஒன்று ஏற்ற வேண்டும், வெளியே வரும்போது ஒன்று இறக்க வேண்டும், டி ப்ரெய்ன் இன்டெக்ஸ் (ஒரு பெயர் எத்தனை பைண்டர் தாண்டிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணால் குறிப்பது) கணக்கு அதில்தான் நிற்கிறது. கமென்டில் "எந்த பைண்டருக்குள் போனாலும் ஆழம் ஒன்று கூடும்" என்று இருந்தது. கோடைப் பார்த்தால் ஒரே ஒரு வகை பைண்டருக்கு மட்டும் அது கூட்டப்படவில்லை. நான் என்ன செய்தேன், கமென்டில் "இந்த வகையைத் தவிர" என்று சேர்த்து, நுணுக்கமாகக் கவனித்துவிட்டோம் என்ற திருப்தியோடு அனுப்பினேன். ரிவ்யூ செய்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஏன் தவிர்க்க வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் காரணமே கிடையாது, அது பக், கோடில் இருந்த பிழை. கமென்ட் எழுதியவர் நினைத்ததுதான் சரி, பின்னால் அந்த வகையைச் சேர்த்தவர் ஆழம் கூட்ட மறந்துவிட்டார். நான் அந்தப் பக்கை அழகான தமிழில், சரி, அழகான ஆங்கிலத்தில், ஆவணப்படுத்தி வைக்க இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. முரண்பாடு கண்ணில் பட்டால் முதலில் கிட் ப்ளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்தக் கமிட்டில் என்று காட்டும் கட்டளை), அது போதாவிட்டால் கிட் லாகில் எஸ் ஆப்ஷன் போட்டு அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது, எதில் மாறியது என்று பார்ப்பேன். கமென்ட் முதலில் வந்து, அதன் கீழ் இருக்கும் கோடை யாரோ வேண்டுமென்றே, காரணம் எழுதி மாற்றியிருந்தால் கமென்ட் பழசு. காரணமே இல்லாமல், வேறு ஏதோ வேலையின் நடுவே மாறியிருந்தால் கோட் மேல் சந்தேகம். அப்புறம் ஓட்டிப் பார்ப்பது: பார்க்கிற ஒவ்வொரு டைப்பையும் பிரின்ட் செய்யும் பத்து வரி விசிட்டர் ஒன்று எழுதுங்கள், அதற்கு நான்கு டைப் கொடுங்கள். தன்னையே சுட்டும் ஒரு ஸ்ட்ரக்ட், மூன்று அடுக்கு ஜெனரிக், பைண்டர் உள்ள ஒரு ஃபங்ஷன் பாயின்டர், ஒரு அசோசியேட்டட் டைப். உங்கள் கமென்ட் இந்த நான்கிலும் நிற்கிறதா என்று பாருங்கள். கோடை மட்டும் வாசித்துக் கமென்ட் எழுதினால், முதலில் எழுதியவர் விழுந்த அதே குழியில் நீங்களும் விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சில கமென்டுகளைத் திருத்தவே வேண்டாம், தூக்கிவிடலாம். எல்எல்விஎம்மில் (பல கம்பைலர்களுக்கு அடித்தளமாக இருக்கும் கருவித்தொகுப்பு) பாயின்டர் எதைச் சுட்டுகிறது என்ற டைப் பாயின்டருக்குள்ளேயே இருந்த காலம் உண்டு. 2022இல் வந்த 15ஆம் வெர்ஷனில் ஒபேக் பாயின்டர் (எந்த டைப்பைச் சுட்டுகிறது என்று சொல்லாத பாயின்டர்) இயல்பானது, 2023இல் 17ஆம் வெர்ஷனோடு பழைய வகை போய்விட்டது. அதற்குப் பிறகும் "பாயின்டர் சுட்டும் டைப்புக்குள் இறங்கும்" என்று ஒரு கமென்ட் நின்றால், இறங்குவதற்கு அங்கே படியே கிடையாது. அதேபோல "தன் பைண்டருக்கு வெளியே தப்பிய லைஃப்டைம் இங்கே வரக் கூடாது" என்ற மாதிரி கமென்டை அசர்ட்டாக (ஓடும்போதே சரிபார்க்கும் கோட் வரியாக) மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் அது வேறு பேட்ச்.

பேட்ச் பற்றி: கமென்ட் திருத்தம் தனிக் கமிட். பெயர் மாற்றம், வரி ஒழுங்கு என்று எதையும் கலக்க வேண்டாம், டிஃப்பில் கோட் வரி ஒன்றுகூட மாறவில்லை என்று தெரிந்தால் ரிவ்யூ செய்கிறவர் நிம்மதியாகப் படிப்பார். எல்எல்விஎம் பக்கம் இதற்கு என்எஃப்சி என்று தலைப்பிலேயே போடுவார்கள், நடத்தை எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். பழைய கமென்ட் ஏன் தப்பு என்பதைக் கமிட் செய்தியில் ஒரு உதாரணத்தோடு எழுதுங்கள், "கமென்டைத் தெளிவாக்கினேன்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரே விஷயம் ஐந்து இடத்தில் சொல்லப்பட்டிருந்தால் ஜிஎச்சி வழியைப் பின்பற்றலாம், அந்த ஹாஸ்கெல் கம்பைலரில் நீளமான விளக்கத்தை ஒரு நோட்டாகத் தலைப்பு போட்டு ஒரே இடத்தில் வைத்துவிட்டு, மற்ற இடங்களில் "அந்த நோட்டைப் பார்" என்று ஒரு வரி எழுதுவார்கள். மாடியூலின் மேலே முழுச் சுற்றையும் ஒரு உதாரணத்தோடு எழுதிவிட்டால் கீழே இருக்கும் கமென்டுகள் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

உங்கள் மூன்றுக்கும் நான் என்றால் இப்படி எழுதுவேன், ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். விசிட்டருக்கு: "டைப்பில் எழுதப்பட்டிருக்கும் டைப்புகளைப் பார்க்கும். ஸ்ட்ரக்ட், ஈனம் என்றால் ஜெனரிக் ஆர்குமென்டுகளுக்குள் மட்டும் போகும், ஃபீல்டுகளுக்குள் போகாது. ஒரே டைப் பல முறை வரலாம்." ஃபோல்ட்_வித்துக்கு: "வெளியிலிருந்து ஃபோல்ட் செய்ய இதைக் கூப்பிடவும். டைப்பை ஃபோல்டரிடம் ஒப்படைக்கும், உள்ளே இறங்குவது ஃபோல்டரின் முடிவு." சூப்பருக்கு: "ஃபோல்டருக்குள்ளிருந்து மட்டும் கூப்பிடவும். இந்த டைப்பை ஃபோல்டரிடம் மறுபடி கொடுக்காது, இதன் நேரடி உறுப்புகளை மட்டும் கொடுக்கும்." பூலியன் வரிக்குப் பதில் எதுவும் எழுத வேண்டாம், அழித்துவிடுங்கள். கன்ட்ரோல்ஃப்ளோ என்று ரிட்டர்ன் டைப்பே சொல்கிறது.